குப்பை மேட்டில் எவ்வளவு வாயு வரும்? கணக்குப் போட்ட அனுபவம்

"இந்த மேட்டிலிருந்து எவ்வளவு வாயு வரும்? இன்ஜின் வைத்து மின்சாரம் எடுக்கலாமா?" இதற்கு விடை சொல்லும் வேலை என்னிடம் வந்தது. சூத்திரம் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் லேண்ட்ஜெம் என்ற எக்செல் கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டுவாரியாகக் கொட்டிய டன்னைப் போட்டால், எந்த ஆண்டில் எவ்வளவு வாயு வரும் என்ற வளைகோடு வந்துவிடும். அதற்குள் எதைப் போடுவது என்பதில்தான் தகராறு.

எடைமேடைப் பதிவு சமீபத்திய ஆண்டுகளுக்கு மட்டுமே இருந்தது. அதற்கு முன் வெறும் லாரி நடைகள். நிறைந்த லாரியும் பாதி லாரியும் ஒரே நடைதான். மேட்டின் கன அளவை எடுத்து அடர்த்தியால் பெருக்கிப் பார்த்தால் அதுவும் ஒட்டவில்லை. ஏற்கெனவே மக்கியதும் தீயில் எரிந்ததும் அளவில் அகப்படாதே.

அடுத்து, என்ன குப்பை என்று பார்ப்பது. லாரியில் வந்ததைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, கைக்கு அடங்கும் அளவு வந்ததும் வகை பிரித்து எடை போட்டோம். நாற்றத்தைப் பற்றி எழுதவே வேண்டாம். சாறு சொட்டும் உணவுக் கழிவுதான் பெரும்பங்கு. அட்டையும் காகிதமும் லாரி ஏறும் முன்பே பொறுக்குபவர்களிடம் போய்விட்டன.

வாயுக் கணக்கில் இது சின்ன விஷயமல்ல. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியின்படி உணவுக் கழிவில் மக்கக்கூடிய கார்பன் 15%, காகிதத்தில் 40%. அதில் பாதி சிதையும், வரும் வாயுவில் பாதி மீத்தேன் (இன்ஜினில் எரிவது இதுதான்) என்று வைத்து, கார்பன் எடையை மீத்தேன் எடையாக்க 16/12 ஆல் பெருக்கினால், ஒரு டன் உணவுக் கழிவுக்கு 50 கிலோ மீத்தேன், காகிதத்துக்கு 133 கிலோ. முறையாக நிர்வகிக்கப்படாத ஆழமான கிடங்கென்றால் இதையும் 0.8 ஆல் பெருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சண்டை, சிதையும் வேகத்தைப் பற்றியது. லேண்ட்ஜெம்மில் முன்கூட்டியே போட்டுவைத்திருக்கும் மதிப்பு ஆண்டுக்கு 0.05. அப்படியானால் பாதி சிதைய 14 ஆண்டுகள். மழை அதிகமுள்ள வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவுக்கு ஐபிசிசி சொல்வதோ 0.4, இரண்டு ஆண்டுகூட ஆகாது. முதல் மதிப்பில் வளைகோடு நிதானமாக இறங்கும். இரண்டாவதில் சட்டென்று உச்சிக்குப் போய், கொட்டுவதை நிறுத்தியதும் சரசரவென்று விழும். 15 ஆண்டு மின்சாரத்தை நம்பிப் பணம் போட வந்தவருக்கு எந்தக் கோடு பிடிக்கும் என்று சொல்லவா வேண்டும்!

அதனால் துளை போட்டே பார்த்துவிடலாம் என்றேன். துளையிட்ட குழாயை இறக்கி, வாயைப் பெண்டோனைட் களிமண்ணால் அடைத்து, ஊதுகருவியால் இழுத்தோம். மெதுவாக இழுக்கும்வரை மீத்தேன் நன்றாக இருந்தது. இழுப்பைக் கூட்டக் கூட்ட அது சரிந்து, கருவியில் ஆக்சிஜனும் "மீதி" என்று காட்டும் நைட்ரஜனும் ஏறின. வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். உருவாகும் வாயுவில் 75% பிடிபடும் என்ற வழக்கமான அனுமானம் நன்றாக மூடிய கிடங்குக்குத்தான் பொருந்தும். திறந்து கிடக்கும் மேட்டில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே எண்ணாகக் கேட்டார்கள். நான் குறைவு, நடு, அதிகம் என்று மூன்று கோடுகள் கொடுத்தேன். கீழ்க்கோட்டுக்கு ஏற்ற சிறிய இன்ஜினை முதலில் வைக்கலாம், வாயு கூடுதலாக வந்தால் இன்னொன்றைச் சேர்க்கலாம், அதுவரை மிச்சத்தை எரித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.