எங்கள் பாப்பாவுக்கு லோபாமுத்ரா என்று பெயர்

தம்பி மகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. லோபாமுத்ரா. பென்னாகரம் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "இன்னொரு தடவ சொல்லுங்க?" அடுத்தது, "அப்படின்னா என்னங்க அர்த்தம்?" தட்டில் பச்சரிசி பரப்பி மஞ்சள் கிழங்கால் பெயரை எழுதி, பாப்பாவின் காதில் மூன்று முறை சொன்ன அத்தை நான். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான். அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

பாப்பாவுக்குப் பரணி நட்சத்திரம், நாலாம் பாதம். பரணிக்கு லி, லு, லே, லோ என்று நாலு எழுத்து. நாலாம் பாதத்துக்கு 'லோ'. எழுத்துப் பார்க்காமல் பெயர் வைக்க அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். சரி, 'லோ'வில் என்ன இருக்கிறது? லோகேஸ்வரி, லோகநாயகி, லோகாம்பாள். நல்ல பெயர்கள்தான், ஆனால் மூன்றும் எங்கள் சொந்தத்திலேயே ஏற்கெனவே இருக்கின்றன. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி, செல்போனில் தேடி லோஷிகா, லோஷினி என்று அனுப்பிக்கொண்டே இருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஷிகா, ஷினி என்று முடியும் பெயர்கள் வரிசையாக நிற்கும். உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். ஓசைக்காக வைப்பது அவரவர் விருப்பம். எங்கள் பாப்பா வளர்ந்து கேட்கும்போது சொல்வதற்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பெயரைக் கண்டுபிடித்தது தம்பி மனைவி. தருமபுரி கோட்டைக் காமாட்சி கோயில் பக்கத்தில் வளர்ந்தவள், வெள்ளிக்கிழமைகளில் தன் அம்மாவோடு உட்கார்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லிப் பழகியவள். "அண்ணி, அதுல 'லோபாமுத்ரார்ச்சிதா'ன்னு ஒரு நாமம் வருமே, அந்த லோபாமுத்ரா யாரு?" என்றாள். லோபாமுத்ரையால் பூஜிக்கப்பட்டவள் என்று அம்பாளுக்கு ஒரு பெயர் அது. அந்த ஆயிரம் பெயர்களையும் ஹயக்ரீவர் சொல்ல, கேட்டுக்கொண்டவர் அகத்தியர். அவருடைய மனைவிதான் லோபாமுத்ரா. தேவியின் பெயர்களைக் கேட்கப் போன இடத்தில் தன் மனைவியின் பெயரும் அதற்குள் இருப்பதைக் கேட்டிருக்கிறார்! வாராவாரம் வீட்டுக்கு வீடு பெண்கள் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த நாமத்துக்குப் போகிறார்கள். பிள்ளைக்கு வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "லோபின்னா கஞ்சனாச்சே, பொட்டப்புள்ளைக்கு அந்தப் பேரா?" என்றார். நியாயமான சந்தேகம். தமிழில் ஒரே 'ப' என்பதால் இரண்டு சொற்கள் ஒன்றுபோலத் தெரிகின்றன. பேராசையைச் சொல்லும் லோபம் வேறு வேரில் பிறந்தது, வேறு எழுத்து. இந்த லோபம் மறைந்துபோதல், இல்லாமல் ஆதல். தமிழ் இலக்கணத்தில் கெடுதல் விகாரம் என்று படிக்கிறோமே, அதை வடமொழி இலக்கணம் லோபம் என்கிறது. முத்ரா என்பது முத்திரை, தனி அடையாளம்.

சேர்த்துப் பார்த்தால் அடையாளம் இழந்தது என்பதுபோல் வருகிறதே என்றால், அதற்குக் கதை உண்டு. அகத்தியர் உயிர்களிடமிருந்து அழகான உறுப்புகளை எல்லாம் எடுத்துச் சேர்த்து ஒரு பெண்ணை உண்டாக்கினார். மானுக்குக் கண்ணால் இருந்த பெருமை போன்றவை எல்லாம் இவளிடம் வந்துவிட்டதால் அந்த உயிர்களின் முத்திரை லோபமாயிற்று என்று விளக்குவார்கள். பிள்ளையில்லாத விதர்ப்ப ராஜாவிடம் அந்தக் குழந்தையைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார், பெரியவளானதும் பெண் கேட்டு வந்தார். அழகைப் பற்றிய இந்த விளக்கத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பிறகு அவள் நடந்துகொண்ட விதம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் லோமச முனிவர் தருமருக்குச் சொல்லும் கதை இது. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும், கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. வனவாசம் என்றால் கூட்டம் எதிர்பார்ப்பது அர்ச்சுனன் தபசு. அகத்தியர் கதைக்கு அங்கே அவ்வளவு இடம் இருக்காது. மரவுரி கட்டிய முனிவருக்கு மகளைக் கொடுக்க ராஜாவுக்கும் ராணிக்கும் மனம் வரவில்லை, மறுத்தால் சாபம் வருமோ என்ற பயமும் இருக்கிறது. அப்போது பேசியது அந்தப் பெண். என்னை அவருக்குக் கொடுத்துவிடுங்கள், என்னால் உங்களுக்குத் துன்பம் வேண்டாம் என்கிறாள். பட்டையும் நகையையும் கழற்றிவிட்டு மரவுரி கட்டிக்கொண்டு அவரோடு போகிறாள், கூடவே தவம் செய்கிறாள். பல காலம் கழித்து அவர் பிள்ளை வேண்டும் என்று அவளை நெருங்கும்போது கைகூப்பிச் சொல்கிறாள்: என் அப்பா வீட்டில் எனக்கு இருந்ததுபோல் கட்டில் வேண்டும், நகை வேண்டும், உங்களுக்கும் அலங்காரம் வேண்டும், இந்தக் காவித் துணியோடு நான் வர மாட்டேன். என்னிடம் ஏது செல்வம் என்கிறார் அவர். உங்கள் தவத்தால் முடியாததா என்கிறாள். தவம் செலவாகிவிடுமே என்கிறார். தவம் குறையாமல் வேறு வழி பாருங்கள் என்று நிற்கிறாள். அகத்தியர் கிளம்புகிறார்.

போன இடமெல்லாம் ராஜாக்கள் வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்கள். மூன்று பேரிடமும் வரவும் செலவும் சரிக்குச் சரி. இதில் கை வைத்தால் குடிமக்கள் பாடுபடுவார்கள் என்று எதையும் வாங்காமல் நகர்ந்து, கடைசியில் எல்லோருமாக இல்வலன் என்ற அசுரனிடம் போகிறார்கள். அவன் தம்பி பெயர் வாதாபி. இனி நான் சொல்ல வேண்டியதே இல்லை. தம்பியை ஆடாக்கிச் சமைத்துப் போட்டதும், அகத்தியர் வயிற்றைத் தடவி ஜீரணம் பண்ணியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழந்தைக்குச் சோறூட்டி முடித்து வயிற்றைத் தடவி "வாதாபி ஜீர்ணோ பவ" என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அத்தனை தூரம் அவரை நடக்க வைத்தது ஒரு பெண் கேட்ட கட்டிலும் நகையும் என்பதை மட்டும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. கேட்டதைக் கொண்டுவந்த பிறகு அவர் கேட்கிறார்: ஆயிரம் பிள்ளைகள் வேண்டுமா, ஆயிரம் பேருக்குச் சமமான ஒரு பிள்ளை போதுமா? ஒன்று போதும் என்று தேர்ந்தெடுப்பதும் அவள்தான்.

ரிக் வேதத்தில் முதல் மண்டலம், 179-ஆவது சூக்தம் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வது. ஆறே மந்திரங்கள். முதல் இரண்டும் லோபாமுத்ரா வாக்கு. எத்தனையோ ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்துக் களைத்துவிட்டேன், முதுமை உடலின் அழகைத் தேய்க்கிறது, கணவன் மனைவியிடம் வரட்டும் என்று தன் மனதில் உள்ளதைத் தன் வாயால் சொல்கிறாள். அதை வேதமாகவே வைத்துப் போற்றியிருக்கிறார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். குடகில் சொல்லும் கதைப்படி லோபாமுத்ராதான் காவேரி. கவேர முனிவர் வளர்த்த மகள் என்பதால் காவேரி. அகத்தியரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும்போதே, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். ஒருநாள் அவர் அவளைக் கமண்டலத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போக, அவள் நதியாகிப் புறப்பட்டுவிட்டாள். ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவேரியில் ஊற்று பொங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுவது இன்றும் நடக்கிறது. நம் பக்கம் காக்கை உருவில் வந்த பிள்ளையார் கமண்டலத்தைத் தட்டிவிட்டதாகச் சொல்வோம். அகத்தியர் கரகம் கவிழ்ந்து காவிரி வந்ததை மணிமேகலைப் பதிகமும் சொல்கிறது.

குடகில் கிளம்பிய அந்தப் பெண் தமிழ்நாட்டுக்குள் காலடி வைப்பது நம் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாகத்தான். ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒகேனக்கல் போய்த் தலை முழுகுவோம். அம்மா மஞ்சள், குங்குமம், பூ, காதோலை கருகமணி எல்லாம் ஆற்றில் விட்டுக் கும்பிடுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது போர் தண்ணீர்தான். ஃப்ளோரைடு கூடின தண்ணீர்; பல்லில் காவி படிந்தவர்களை எங்கள் வயதுக்காரர்களில் நிறையப் பார்க்கலாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகு குழாயில் காவேரி வருகிறது. ஒகேனக்கல் தண்ணி என்றுதான் எல்லோரும் சொல்வோம். பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைப்பதும் அதைக் காய்ச்சி ஆற வைத்துத்தான். இதையெல்லாம் சொன்ன பிறகு அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "காவேரின்னே மொதல்ல சொல்லியிருக்கலாமில்ல" என்றார். முழுப் பெயர் நாக்கில் புரளாததால் இப்போது அவர் காவேரி என்றே கூப்பிடுகிறார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளித்த மாவட்டம் இது. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் நீட்டித்தார்கள் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று வைத்த காலம் அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் தேடி வீடே ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது.

வடக்கே இது அபூர்வமான பெயர் இல்லை. வங்காளத்திலும் ஒடிசாவிலும் தாராளமாக வைக்கிறார்கள், வீட்டில் லோபா என்று சுருக்கிக்கொள்வார்கள். வங்காளிப் பாடகி லோபாமுத்ரா மித்ரா பெயர் பெற்றவர். மாடல் அழகி லோபாமுத்ரா ராவுத்துக்கு ஊர் நாக்பூர். அது விதர்ப்பம், கதையில் வரும் ராஜகுமாரியின் அதே பிறந்த வீடு. தமிழ்நாட்டில் நான் இதுவரை ஒரு லோபாமுத்ராவையும் நேரில் பார்த்ததில்லை. லோ எழுத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் யோசிக்காமல் வைக்கலாம்.

வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் உலோபாமுத்திரை என்றும் எழுதுவார்கள். எனக்கு அந்த வடிவம் பிடிக்கும், ஆனால் 'உ'வில் தொடங்கினால் நட்சத்திர எழுத்து போய்விடும் என்பதால் லோபாமுத்ரா என்றே வைத்துக்கொண்டோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பதிவு செய்யும் இடத்தில் பக்கத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நடுவில் எந்த 'பி' என்று கட்டாயம் கேட்பார்கள். பென்னாகரத்துக்குப் போடும் பி, பெங்களூருக்குப் போடும் பி இல்லை என்று நான் சொன்னேன். அந்தப் பெண் உடனே சரியாகப் போட்டுவிட்டார்.