ஆறாவது இடம் யாருக்கு?

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடை ஸ்டீம். ஒரு வீட்டார் அதில் வாங்கிய கேம்களைப் பகிர்ந்து ஆடுவதற்கான வசதி ஸ்டீம் ஃபேமிலி. அதை அமைப்பதற்குப் பெரிய கணினி அறிவு எதுவும் வேண்டாம். நாலு பட்டன் அழுத்தத் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் இழுத்தடித்தது வேறு விஷயம்: யாரைச் சேர்ப்பது, யாரிடம் இல்லை என்று சொல்வது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று நடக்கிற பஞ்சாயத்துக்கு அது கொஞ்சமும் குறையவில்லை.

திருச்சியில் எங்களுடையது கீழும் மேலுமாக ஒரே வீடு. கீழே நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன். மாடியில் தம்பி, அவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். தம்பி மனைவியைத் தவிர மற்ற எல்லாருக்கும் கேம் பைத்தியம் உண்டு, அளவுதான் வேறு. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் ஒவ்வொரு சேலிலும் எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். தம்பியிடம் தனியாக ஒரு குவியல் இருந்தது. இரண்டு குவியலிலும் பாதி கேம்கள் டவுன்லோடே ஆகாதவை.

பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் என் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரே கணக்கில் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆட முடியாது. நான் ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்தால் மகன் வெளியே தள்ளப்படுவான். 2013-ல் ஸ்டீம் சோதனைக்கு விட்ட பழைய ஃபேமிலி ஷேரிங்கும் பெரிதாக உதவவில்லை. ஐந்து பேருக்கு, பத்துக் கருவிகள் வரை அனுமதி தர முடிந்தது. ஆனால் பூட்டு முழு லைப்ரரிக்கும், அதாவது கணக்கில் உள்ள எல்லா கேமுக்கும் சேர்த்துத்தான் இருந்தது. நான் என் கணக்கில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் திறந்துவிட்டால், அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத வேறொரு கேமைக்கூட அவனால் என்னிடமிருந்து எடுத்து ஆட முடியாமல் போகும்.

2024 மார்ச்சில் சோதனைக்கு வந்து, அந்த செப்டம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்ட ஸ்டீம் ஃபேமிலிஸ் இந்தப் பூட்டைத் தனித்தனி கேமுக்கு மாற்றியது. உங்களையும் சேர்த்து ஆறு பேர். ஆறு பேரின் கேம்களும் ஒரே குவியலாகத் தெரியும். ஆளுக்கு ஒரு கேமை ஒரே நேரத்தில் ஆடலாம். சேவ் ஃபைல், அச்சீவ்மென்ட் எல்லாம் அவரவருக்குத் தனி. இதுவரை இனிப்பு.

கசப்பு விதிகளில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் தம்பியைக் கீழே கூப்பிட்டேன்.

முதலாவது, ஓராண்டு விதி. ஒரு பெரியவர் ஒரு குடும்பத்தில் சேர்ந்துவிட்டு விலகினால், சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு கழியும்வரை வேறு குடும்பத்தில் சேரவோ தொடங்கவோ முடியாது. அவர் இருந்த இடமும் அதே ஓராண்டு முடியும்வரை காலியாகவே கிடக்கும். யாரையாவது சேர்த்துவிட்டு, சரிப்பட்டு வரவில்லை என்று அடுத்த வாரம் ஆளை மாற்றுகிற கதை நடக்காது.

இரண்டாவது, இது ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்துக்கு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கணக்கும் ஒரே நாட்டில் இருக்கவேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் கொடுத்தது. என் கேமை எடுத்து ஆடுகிற ஒருவர் அதில் ஏமாற்று மென்பொருள் போட்டு மாட்டிக்கொண்டால், அந்த கேமில் அவருக்கு மட்டுமல்ல, சொந்தக்காரனான எனக்கும் தடை விழும். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் செல்லாது.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஜாமீன் கையெழுத்து மாதிரின்னு சொல்லுண்ணே" என்றான். அதற்கு மேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் ஐந்து பேர் என்பதில் விவாதமே இல்லை. நான், மனைவி, மகன், தம்பி, தம்பி மகள். மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள், எவரும் விண்ணப்பம் போடாமலேயே. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர். கல்லூரி நாளிலிருந்து என்னுடன் ஆடிவரும் நண்பன். அப்புறம் தம்பியின் ஆபீஸ் தோழர் ஒருவர், "உங்க வீட்ல ஒரு இடம் சும்மாதானே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்.

ஆபீஸ் தோழருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டான் தம்பி. சிங்கப்பூர் மாப்பிள்ளை விஷயத்தில் விதியே எங்களைக் காப்பாற்றியது. நாடு வேறு, முடிந்தது. "உங்களைச் சேக்கக் கூடாதுன்னு இல்ல மாப்பிள்ளை, அவங்க விடமாட்டேங்கிறாங்க" என்று சொல்ல முடிந்ததே பெரிய நிம்மதி. இந்தியாவில் குறைந்த விலைக்கு வாங்கி அவருக்குப் பரிசாக அனுப்பலாமா என்று தங்கை கேட்டாள். இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமானால் ஸ்டீம் அந்தப் பரிசையும் போக விடாது.

நண்பன் விஷயம் அப்படி லேசானதல்ல. அவன் இதே ஊரில் இருக்கிறான், வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறான். மகன் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஸ்டீம் சொல்கிற "ஒரே வீடு" என்ற வரையறைக்குள் அவன் வரமாட்டான் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, அவன் கணக்கின் பாஸ்வேர்டு அக்கா பையனிடம் இருக்கிறது, அந்தப் பையனின் விடுதி நண்பர்களிடமும் இருக்கிறது. அவன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. அவன் கணக்கில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கே தெரியாது. அந்தக் கணக்கு உள்ளே வந்தால் தம்பியின் கேம்களுக்கும் ஆபத்து. என் பொருள் மட்டுமென்றால் தாராளம் காட்டலாம், தம்பியின் பொருளை வைத்து நான் எப்படித் தாராளம் காட்டுவது?

அவனிடம் நேராகவே சொன்னேன். "டேய், நீ வேண்டாம்னு இல்ல, அந்தப் பசங்க வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் "பாஸ்வேர்டை மாத்துனா அக்கா கோச்சுக்குவாடா" என்று அவனே சிரித்துவிட்டான்.

அவனுக்காக வேறு வழி இருந்தது, சொல்லப்போனால் இன்னும் நல்ல வழி. ரிமோட் ப்ளே டுகெதர் என்று 2019-லிருந்தே இருக்கிறது. ஒரே திரையில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற வகை கேம் எதுவானாலும், ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதும். கேம் என் கணினியில் ஓடும், படம் இணையம் வழியாக அவனுக்குப் போகும், அவன் கன்ட்ரோலரில் அழுத்துவது என்னிடம் வந்து சேரும். சேர்ந்து சமைக்கிற ஓவர்குக்டு 2 போன்ற கேம்களுக்கு இது அருமை. நம் பக்கத்து அப்லோடு வேகம் நன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூர் மாப்பிள்ளையையும் இதிலேயே இழுத்துப் பார்த்தோம். அழுத்தினால் அரை நொடி கழித்து வெங்காயம் நறுக்கப்படுகிறது. அவருக்கு நிதானமாக, முறை வைத்து ஆடுகிற கேம்கள்தான் ஒத்துவரும்.

இனி அமைத்த விதம். ஸ்டீமில் வலது மேல் மூலையில் உங்கள் பெயரை அழுத்தி, கணக்கு விவரங்கள் பக்கத்துக்குப் போனால் இடப்பக்கம் ஃபேமிலி மேனேஜ்மென்ட் இருக்கும். குடும்பத்துக்கு ஒரு பெயர் வைத்து, நண்பர்கள் பட்டியலிலிருந்து ஆட்களை அழைக்கலாம். அழைக்கும்போதே பெரியவரா, சிறாரா என்று கேட்கும். அழைக்கப்பட்டவர் ஓராண்டு விதியைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே வரமுடியும்.

மகனுக்கும் மனைவிக்கும் புதுக் கணக்கு தொடங்கவேண்டியிருந்தது. பதின்மூன்று வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது ஸ்டீமின் ஒப்பந்தம், மகன் அதைத் தாண்டிவிட்டான். ஐந்து டாலர் அளவுக்காவது செலவு செய்யாத புதுக் கணக்கிலிருந்து நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. அதனால் அழைப்பைப் பழைய கணக்கிலிருந்து நாம்தான் அனுப்பவேண்டும். கையோடு எல்லாக் கணக்குக்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற இரண்டாவது பூட்டும் போட்டோம், என் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மகன் கேட்ட முதல் கேள்வி, "புதுசு என்னப்பா?"

எங்கள் மொத்தக் குவியலும் எல்லார் திரையிலும் தெரிந்த அன்று மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் உருட்டிக்கொண்டே போனாள். "இத்தனையும் வாங்குனீங்களா?" என்றாள். சேல் விலை, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்றெல்லாம் நான் சொன்னதற்கு வீட்டில் மதிப்பே இல்லை. குடும்பத்தைத் தொடங்கும் ஆண்களுக்கு ஒரு தகவல்: ஒரு கேமை ப்ரைவேட் என்று குறித்தால் அது மற்றவர் கண்ணில் படாது, பகிரப்படவும் செய்யாது. பெரியவர்களுக்கான கேம்களுக்கு நானும் தம்பியும் முதல் நாளே அதைச் செய்துவிட்டோம். மற்றதற்கும் செய்திருக்கலாம்.

எல்லா கேமும் குவியலுக்கு வராது. இலவச கேம்கள் வராது, அவை அவரவரே எடுத்துக்கொள்ளவேண்டியவை. வேறொரு நிறுவனத்தின் தனிக் கணக்கோ சாவியோ சந்தாவோ கேட்கும் கேம்கள் பலவும் வராது. வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்: கடைப் பக்கத்தில் வலது ஓரத்தில் வசதிகள் வரிசையில் ஃபேமிலி ஷேரிங் என்று இருந்தால் வரும். நாங்கள் இப்போது விலையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறோம்.

டிஎல்சி, அதாவது ஒரு கேமுக்குத் தனியாக வாங்கிச் சேர்க்கும் விரிவாக்கங்கள், கொஞ்சம் குழப்பும். சிவிலைசேஷன் 6 என்னிடமும் இருக்கிறது, தம்பியிடமும் இருக்கிறது. என்னுடையது மொட்டை. அவனிடம் கேதரிங் ஸ்டார்ம் உட்பட விரிவாக்கங்கள் இருக்கின்றன. மகன் யாருடைய பிரதியை எடுக்கிறானோ, அந்தப் பிரதிக்கு உரியவரின் டிஎல்சிதான் கிடைக்கும். என் பிரதியும் தம்பியின் விரிவாக்கமும் ஒன்றாகச் சேராது. எந்தப் பிரதி என்பதை அவனே தேர்ந்தெடுக்கலாம், இயல்பாகவே சித்தப்பாவுடையதைத் தேர்ந்தெடுத்தான். ஆகவே ஒரு கேமுக்கு விரிவாக்கம் வாங்குவதென்றால் அது ஒருவர் கணக்கிலேயே சேரட்டும் என்று முடிவு.

ஒரே கேமை இருவர் ஒரே நேரத்தில் ஆட இரண்டு பிரதி வேண்டும். இதில் முதல் சண்டை ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமில் வந்தது, மனைவிக்கும் தம்பி மகளுக்கும். இருவருமே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் விவசாயம் பார்ப்பார்கள். "பெரியம்மா, பத்து நிமிஷம், பயிருக்குத் தண்ணி மட்டும் ஊத்திட்டு வந்துர்றேன்" என்று மாடியிலிருந்து குரல் வரும். அந்தப் பத்து நிமிடம் எங்கே போய் முடியும் என்று அந்த கேம் ஆடியவர்களுக்குத் தெரியும். இரண்டாவது பிரதி வாங்கினோம், இப்போது இருவரும் ஒரே பண்ணையில் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

நான் எதிர்பார்க்காத இடம் சிறார் கட்டுப்பாடு. வசதிகள் நன்றாகவே இருக்கின்றன. எந்தெந்த கேம் ஆடலாம், எந்த நாளில் எத்தனை மணி நேரம், கடையும் அரட்டையும் திறக்கலாமா என்று எல்லாவற்றையும் வைக்கலாம். எதை எவ்வளவு நேரம் ஆடினான் என்ற கணக்கும் வரும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அவன் கேட்கலாம், நாம் நம் போனிலேயே அனுமதிக்கலாம். ஏதாவது வாங்கவேண்டுமென்றால் அவன் கூடையில் போட்டு அனுப்புவான், பெரியவர் யாராவது பணம் கட்டலாம். சிறார் கணக்கு தானாகக் குடும்பத்தைவிட்டு விலகவும் முடியாது.

ஆனால் அந்த அதிகாரம் அப்பா அம்மாவுக்கு மட்டும் இல்லை, குடும்பத்தில் பெரியவராகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. பள்ளி நாளில் ஒரு மணி நேரம் என்று நான் வைத்திருந்தேன். கணக்கில் பார்த்தால் இரண்டரை மணி. விசாரித்தால் கோரிக்கை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, அனுமதியும் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, மாடியிலிருந்து. "புள்ள கேட்டான், குடுத்தேன், இதுல என்ன?" என்றான் தம்பி. தம்பி மகளும் இரண்டு முறை கொடுத்திருக்கிறாள். அவளும் சட்டப்படி பெரியவர்தான். என்னிடம் கேட்டால் இல்லை என்பேன், அம்மாவிடம் கேட்டால் அப்பாவிடம் கேள் என்பாள், அக்காவிடம் கேட்டால் ஒரு சாக்லேட்டில் முடிந்துவிடும் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

இதற்கு ஸ்டீமில் அமைப்பு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் நால்வரும் பேசி, பள்ளி நாளில் அனுமதி கீழ் வீட்டிலிருந்து, சனி ஞாயிறு மாடியிலிருந்து என்று பிரித்துக்கொண்டோம். பெரும்பாலும் நிற்கிறது. பரீட்சை நேரத்தில் யாரும் கொடுப்பதில்லை என்பது மட்டும் மீறப்படாத விதி.

ப்ளேஸ்டேஷனும் நின்டென்டோவும் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ப்ளேஸ்டேஷன் 5-ல் கன்சோல் ஷேரிங் என்ற அமைப்பை ஒரு கணக்குக்கு ஒரு கன்சோலில் போடலாம், அந்தக் கன்சோலில் யார் உட்கார்ந்தாலும் உங்கள் கேமை ஆடலாம். நின்டென்டோவின் ஸ்விட்சில் 2025-லிருந்து விர்ச்சுவல் கேம் கார்டு வந்திருக்கிறது. குடும்பக் குழுவில் உள்ளவருக்கு ஒரு கேமை இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம், கொடுக்கும்போது இரண்டு கருவியும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஆறாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தம்பி மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போவதாகப் பேச்சு ஓடுகிறது. அப்படிப் போனால் அவள் கணக்கில் வாங்கிய கேம்கள் அவளோடு போய்விடும், அந்த இரண்டாவது ஸ்டார்ட்யூ வேலி உட்பட. அதை யார் பெயரில் வாங்குவது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை, அவள் கூடையில் இருந்தது, நான் பணம் கட்டினேன். குளிர்கால சேலில் இன்னொன்று வாங்கவேண்டுமா என்று மனைவி இப்போதே கேட்கிறாள். வாங்கினால் அவள் கணக்கில்தான்.