அக்கா மகளின் லத்தீன் பாடம்

அக்கா மகள் ஜெர்மனியில் பள்ளி இறுதியாண்டுக்குப் போகப்போகிறாள். விடுமுறைக்கு மந்தைவெளி வந்தவள் லத்தீன் வீட்டுப்பாடத்தையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே ஜிம்னாசியம் என்ற வகைப் பள்ளிகளில் ஆறாவது, ஏழாவதிலேயே லத்தீனை இரண்டாவது அயல்மொழியாக எடுக்கலாம். மேல்வகுப்பில் சிசரோ, செனெக்கா, ஓவிட், வெர்கில் என்று பழைய ரோமானிய எழுத்தாளர்களின் மூலத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். "பேச ஆளில்லாத பாஷையைப் படிச்சு என்னடி பண்ணப்போறே?" என்று என் மாமியார் கேட்டார். "பிடிச்சிருக்கு பாட்டி" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது!

பிளஸ் டூவுக்குத் தமிழ்ப் பாடம் நடத்தும் எனக்குக் கை சும்மா இருக்குமா? வெர்கிலின் 'ஈனியட்' காவிய நகலை வாங்கி, அவளையே படிக்கச் சொல்லி, தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டேன். மூன்றாம் அடி இப்படிப் போகிறது: "லீதொர, முல்தும் இல்லெ எத் தெர்ரீஸ்..." ஆனால் அவள் வாயில் வந்தது "முல்தில்லெத்". அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் முன்சொல்லின் கடைசி உயிர் விழுந்துவிடுமாம். 'உம்' என்று முடிந்தால் மகர ஒற்றும் சேர்ந்தே போகும். எழுத்தில் அப்படியே நிற்கும், ஓசையில் மட்டும் மறையும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்" என்ற நம் நன்னூல் விதியை என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "சித்தி, உங்களுக்கும் இது இருக்கா?" என்று கண்ணை விரித்தாள்.

அடியை அசை அசையாகப் பிரித்து அலகிடுவதில்தான் வழி பிரிகிறது. நமக்கு 'க', 'கா', 'கல்' மூன்றுமே நேரசை. அவர்கள் கணக்கில் 'க' மட்டும்தான் குறில்; மற்ற இரண்டும் நெடிலாக எண்ணப்படும். நேர், நிரை என்ற நம் அசைக்கணக்கை மூட்டை கட்டிவிட்டு, சந்தப் பாட்டுக்கு மாத்திரை எண்ணுவதுபோல் எண்ணினால் சரியாக விழுகிறது: நெடில் ஒன்றுக்குக் குறில் இரண்டு, அடிக்கு ஆறு சீர். ஒவ்வோர் அசை மேலும் நெடிலுக்குக் கோடும் குறிலுக்குப் பிறையும் பென்சிலால் போட்டுக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் ஏழெட்டு அடி. கரண்ட் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வேற்றுமை நமக்கு எட்டு, அங்கே ஆறு. ஆல், ஓடு, இன், இல் எல்லாவற்றின் வேலையையும் பெரும்பாலும் ஒரே வேற்றுமை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது, பாவம். அடைமொழி ஓரிடத்தில், அது சேரவேண்டிய பெயர் நாலு சொல் தள்ளி. வகுப்பில் எல்லாரும் இதற்குத்தான் முழிக்கிறார்களாம். சொற்களை இடம் மாற்றிச் சேர்த்துப் பொருள் கொள்ளும் கொண்டுகூட்டுப் பொருள்கோள் படித்த நம் பிள்ளைகள் அவ்வளவு மிரள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பொறாமை வந்தது தேர்வு முறையில்தான். வகுப்பில் நடத்தாத பகுதியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். கையில் தடிமனான அகராதி வைத்துக்கொள்ளலாம்! இங்கே நான் மனப்பாடப் பாட்டை வரி பிசகாமல் ஒப்பிக்க வைத்தே தொண்டை வறண்டுபோகிறேன். நடத்தாத சங்கப்பாட்டு ஒன்றையும் நூலக அகராதிகளையும் வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். காலாண்டுக்குள் பாடம் முடிக்கச் சொல்லி நெருக்கும் எச்.எம்.மிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்க வேண்டும்.