உப்பைக் கணக்கில் சேர்க்காமல்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவின் மாத்திரை அட்டையைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மாத்திரை, கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். வயலுக்கு வழக்கம்போலப் போய் வருகிறார். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்ததன் அர்த்தம் இதுதான்: ‘400 மில்லிகிராம் இமாட்டினிபுக்குச் சமமான இமாட்டினிப் மெசிலேட்’.

‘சமமான’ என்ற இடத்தில் வயிற்றைக் கலக்கியது.

“ஏளா, அட்டைய என்ன இப்படி உத்துப் பாக்க? தேதி முடிஞ்சிட்டோ?”

“இல்ல பெரியப்பா. நாந்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

இதே மருந்தோடுதான் சென்னையில் என் ஆராய்ச்சி. நான் வளர்ப்பது கே562 செல்கள். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் முற்றிப்போன 53 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து 1970களில் எடுத்தவை, இன்னும் உலகம் முழுக்கக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டு மாற்றி ஒட்டிக்கொண்டதில் பிறந்த பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதிதான் அவற்றை ஓட்டுவது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிடமிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கி அடுத்த புரதத்தின் தலையில் கட்டும், ஓயவே ஓயாது. ஏடிபி உட்காரவேண்டிய குழியில் இமாட்டினிப் முந்திப்போய் உட்கார்ந்து, நொதியை வேலை செய்யாத கோலத்திலேயே பூட்டிவிடுகிறது.

இது வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா-கைகி கம்பெனியில், முதலில் வேறொரு நொதியை, புரோட்டீன் கைனேஸ் சி-யை, அடக்கத்தான் மூலக்கூறு தேடினார்கள். வளையத்தில் சரியான இடத்தில் மெத்தில் என்ற சின்ன அணுக்கூட்டம் ஒன்றே ஒன்றைச் சேர்த்ததும் அந்தப் பழைய வேலை போய்விட்டது, ஏபிஎல்லைப் பிடிக்கும் குணம் தங்கிவிட்டது. தண்ணீரில் கரையமாட்டேன் என்றது. கரைவதற்காகப் பைப்பரசின் வளையம் ஒன்றை மாட்டினார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரையன் டிரக்கர் என்ற டாக்டர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரையில் இருப்பது வெறும் இமாட்டினிப் இல்லை, அதன் மெசிலேட் உப்பு.

அந்த உப்பில்தான் நான் வழுக்கினேன்.

எங்கள் லேபில் ஏசி எப்போதும் 18 டிகிரி. மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஸ்டாக், அதாவது பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல், போடும் நாளில் பாட்டிலைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, அது இளகும்வரை தவம் கிடக்கவேண்டும். தராசில் பொடியை வைத்தால் பாதி ஸ்பேட்டுலாவை விட்டு வரமாட்டேன் என்கும், மீதி கையுறையைப் பார்த்துப் பறக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு 4.94 மில்லிகிராம் எடுத்து, ஒரு மில்லியில் கரைத்து, ‘10 மில்லிமோலார்’ என்று பெருமையாக எழுதி மைனஸ் 20இல் வைத்தேன். கூகிளில் முதலில் வந்த மூலக்கூறு எடை 493.6. அது வெறும் இமாட்டினிபின் எடை. என் டியூபில் இருந்த உப்புக்கு 589.7. அந்த எண் டியூப் லேபிளிலேயே இருந்தது!

ஊரிலிருந்து திரும்பும் ரயிலில், நெல்லை எக்ஸ்பிரஸ் அப்பர் பெர்த்தில், போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். என் ஸ்டாக் உண்மையில் 8.37 மில்லிமோலார். பாதிச் செல்லை அடக்கும் அளவு 0.30 மைக்ரோமோலார் என்று என் ஆராய்ச்சிக் கமிட்டியில் காட்டியிருந்தேனே, அது 0.25. எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று ஊதா நிறம் வைத்துப் பார்த்த பிளேட்டுகளைப் பெருக்கல் போட்டே சரிசெய்துவிடலாம். செல்லில் இருக்கும் புரதங்களைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் ‘1 மைக்ரோமோலார்’ என்று எழுதியதை அப்படித் தப்பிக்க முடியாது.

இந்த உப்புக்குப் பின்னால் ஒரு கோர்ட் கதையும் இருக்கிறது, அதுவும் நான் படிக்கும் சென்னையில் ஆரம்பித்தது. இந்த மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998இல் நோவார்ட்டிஸ் (சீபா-கைகி இன்னொரு கம்பெனியோடு இணைந்து உருவானது) காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் நிராகரித்தார்கள். பழைய மருந்தின் புது வடிவத்துக்குத் திறன் கூடினால்தான் காப்புரிமை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டப் பிரிவு 3(டி)யே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்று கம்பெனி சொன்னது. அதை மட்டும் வைத்து நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியதாகச் சொல்ல முடியாது என்றார்கள். அப்போது கம்பெனி மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய், உள்நாட்டு மாத்திரைக்குச் சுமார் 8,000. பெரியப்பா ஒரு போகத்துக்கு என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நான் போடவில்லை.

என் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடத்திடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். “எந்த வெயிட் போட்ட?” என்று ஒரே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு, “வெஸ்டர்ன் மூணு தடவையும் திரும்பப் போட்ரு” என்று சொல்லிவிட்டு மெயிலுக்குத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று 5.9 மில்லிகிராம் எடுத்துப் புது ஸ்டாக் போட்டேன். பழைய டியூப்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மூடியில் 10ஐ அடித்துவிட்டு 8.37 என்று எழுதி, அதே டப்பாவில் பின்வரிசையில் வைத்திருக்கிறேன்.