பிக்கப் வண்டியில் பாப்-அப் கேம்பர்: இதுவரை நடந்த வேலை

என் பிக்கப்பின் பின்பக்க ட்ரேயில் கூரை மேலெழும்பும் கேம்பர் (உள்ளே தங்கிப் படுக்கும் கூடு) ஒன்றைப் பொருத்தும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. வண்டி ஓடுகிறது, கூரை எழும்புகிறது, உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். தண்ணீர்த் தொட்டியும் உள்ளே வரவேண்டிய பெட்டிகளும் பாக்கி. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், எதை ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

சுவர் முழுக்க உறுதியான கேம்பர் வசதியானதுதான். குளிர் தாங்கும், சத்தம் உள்ளே வராது. ஆனால் தார் ரோட்டை விட்டு இறங்கியதும் உயரம் எதிரியாகிவிடும். பக்கவாட்டில் சரிந்த பாதையில் போகும்போது எடை எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் வண்டி சாயப் பார்க்கும். தாழ்ந்த மரக்கிளைகளும் எதிர்க்காற்றும் வேறு. பாப்-அப் கேம்பர் மடங்கிய நிலையில் கேபின் கூரையை விடக் கொஞ்சம்தான் உயரம். நிறுத்திக் கூரையைத் தூக்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். தூக்கும் பகுதியின் சுவர் கித்தான் துணி என்பதால் எடையும் குறைவு. கரடுமுரடான பாதையில் போகிறவருக்கு இதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் நான் முதலில் போனது எடை மேடைக்கு. டீசல் நிரப்பி, நாங்கள் இருவரும் உட்கார்ந்து, முழு வண்டியையும் ஒருமுறை எடை போட்டேன். பிறகு முன்சக்கரம் மட்டும், அடுத்து பின்சக்கரம் மட்டும். வண்டியின் தகட்டில் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ என்று இருக்கிறது. மேடை காட்டியது 2,180. மிச்சம் 820 கிலோ. கேட்கும்போது ஏராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் தெரியும். கேம்பர் கூடு 290, தண்ணீர் 60, பொருள் நிரப்பிய ஃப்ரிட்ஜ் 35, இரண்டாவது ஸ்பேர் டயர் 30, கருவிகள் 25, சேற்றில் மாட்டினால் மீட்கும் சாமான்கள் 25, மெத்தையும் பெட்டிகளும் 60, பேட்டரியும் வயரிங்கும் 25, சோலார் தகடும் பக்கவாட்டுக் கூடாரத் துணியும் சேர்த்து 27, உடுப்பும் சாப்பாடும் 60. கூட்டினால் 637. வண்டி 2,817-இல் வந்து நிற்கிறது. 'இதையும் போட்டுக்கொள்ளலாமே' என்று யார் சொன்னாலும் இந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறேன்.

மொத்த எடையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, எடை எந்த இடத்தில் உட்காருகிறது என்பது. என் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) பின் ஆக்ஸிலுக்கும் நடுவே சுமார் 3 மீட்டர். பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், அதாவது பின்கதவு ஓரத்தில், 100 கிலோவை வைத்தால் பின் ஆக்ஸில் 140 கிலோவைச் சுமக்கும். கூடுதல் 40 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து வருகிறது. சீசா பலகையில் ஒருபக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுவதைப் போலத்தான். ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், ஏற்றத்தில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே பின் ஆக்ஸில் மட்டும் அதன் வரம்பைத் தாண்டிவிடவும் கூடும். அதனால் கனமானவை எல்லாம் கேபினை ஒட்டி, தரையோடு தாழ்வாக என்று முடிவு செய்தேன். தண்ணீர், பேட்டரி, கருவிப்பெட்டி மூன்றும் முன்சுவரை ஒட்டிப் போகும். பின்னால் மெத்தை, துணி, நாற்காலி மட்டும்.

இனி ஸ்பிரிங். கேம்பர் எப்போதும் வண்டியிலேயே இருக்கப்போகிறது என்பதால், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளை நிரந்தரச் சுமைக்கு ஏற்றவையாக மாற்றினேன். கூடவே அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும். ஸ்பிரிங்குக்குத் துணையாக ஆக்ஸிலுக்கு மேலே வைக்கும் காற்றுப்பை போட்டால் சுலபம், காற்றை ஏற்றினால் வண்டி நிமிர்ந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டை ஸ்பிரிங் தன் சுமையை முன்னும் பின்னும் உள்ள இரண்டு தாங்கிகள் வழியாகச் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப்பையோ ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் சேசிஸைத் தள்ளுகிறது. ட்ரேயின் பின்முனையில் நிறைய எடை தொங்க, நடுவே அந்தப் பை முட்டுக்கொடுக்க, வண்டி குழிகளில் விழுந்து எழும்போது கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளைந்துபோன கதைகள் நான்கு கதவு பிக்கப்களில் நிறைய உண்டு. பையே கூடாது என்று சொல்லமாட்டேன். குறைந்த காற்றழுத்தத்தில், பின்முனைச் சுமை குறைவாக இருந்தால் உதவும். அதிக எடையை மறைக்க அதைப் பயன்படுத்துவதுதான் ஆபத்து. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரிங் எவ்வளவு பலமாகப் போட்டாலும் தகட்டில் உள்ள எடை வரம்பு தானாக உயர்ந்துவிடாது. பிரேக்கும் ஆக்ஸிலும் சேசிஸும் பழையவைதானே.

கேம்பரை ட்ரேயில் பூட்டுவதுதான் நான் அதிக நேரம் யோசித்த இடம். ஏணி வடிவ அடிச்சட்டம் உள்ள பிக்கப் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். அது அதன் இயல்பு. எவ்வளவு முறுக்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மச்சானைக் கூப்பிட்டு, முன்பக்க இடது சக்கரத்தையும் பின்பக்க வலது சக்கரத்தையும் சாய்வுக் கட்டைமேல் ஏற்றச் சொன்னேன். கேபினுக்கும் ட்ரேவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தேன். சமதரையில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்த சந்து, மேல்மூலையில் ஒருபக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்துவிட்டது. "மாமா, விரலை வைச்சுப் பாருங்க, உள்ளே போகுது" என்றான். நிற்கிற வண்டியிலேயே இப்படி என்றால், ஓடும்போது எப்படி இருக்கும்?

கேம்பர் கூடு ஒரு விறைப்பான பெட்டி. அதை நான்கு மூலையிலும் இரும்புக்கு இரும்பாக இறுக்கிவிட்டால், சேசிஸ் முறுக்கும்போது அந்த விசை முழுவதும் கூட்டின் மூலைகளுக்குப் போகும். வெல்டிங் விரியும், ரிவெட் தளரும், சீல் பிரியும். பெரிய பயண லாரிகளில் மூன்று புள்ளித் தாங்கி வைப்பது இதனால்தான். என் வண்டிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. முன்பக்க இரண்டு போல்ட்களை கெட்டி ரப்பர் புஷ் வைத்து இறுக்கினேன். பின்பக்க இரண்டிலும் போல்ட்டுக்குக் கீழே சுருள் ஸ்பிரிங் வைத்து, கூடு சில மில்லிமீட்டர் எழும்பி இறங்க வழிவிட்டேன். போல்ட்கள் ட்ரேயின் தகட்டில் நிற்கவில்லை. தகட்டைத் துளைத்து அடியில் உள்ள குறுக்குச் சட்டம்வரை போகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கனமான தாங்குதகடு. கேம்பரையும் கேபினையும் எங்கேயும் நேரடியாக இணைக்கவில்லை.

கூடு அலுமினியம், ட்ரே இரும்பு. இரண்டும் ஒட்டி இருந்து நடுவே ஈரம் நின்றால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் முழு அடிப்பரப்பிலும் ரப்பர் விரிப்பு, போல்ட் துளைகளில் நைலான் குழல்.

கூரையைத் தூக்குவது காற்றழுத்தத் தண்டுகள். கூரை மட்டும் 45 கிலோ. அதன்மேல் சோலார் தகடு போட்டால் 57. ஒரு கிலோவைத் தாங்க ஏறக்குறைய 9.8 நியூட்டன் என்பதால், 57 கிலோவுக்குச் சுமார் 560 நியூட்டன் வேண்டும். தண்டு சாய்வாக நிற்கும்போது அதன் விசையில் ஒரு பகுதிதான் மேல்நோக்கி வேலை செய்யும், குளிரில் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமும் குறையும் என்பதால் அதைவிடக் கூடுதலாகவே வைத்தேன். ரொம்பக் கூட்டினால் கூரையை இறக்கிப் பூட்ட ஆளைத் தொங்கவிட வேண்டிவரும். கூரைமேல் எதை ஏற்றப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே தண்டு வாங்குவது நல்லது.

மூடும்போது கித்தான் எப்படி மடங்குகிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். துணியின் இடுப்பைச் சுற்றி உள்பக்கமாக ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. கூரை இறங்க இறங்க அது துணியை உள்ளே இழுக்கிறது. எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு இறக்கினால், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் துணியை வெளியே ஊதித் தள்ளும். அந்தப் பிதுக்கம் கூரை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் அதிர்விலேயே துணி தேய்ந்து ஓட்டை விழும். ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து இறக்கினால் துணி தானாக உள்ளே படிகிறது. தூக்கும்போதும் இதேதான்: காற்று உள்ளே வர வழியிருந்தால் கூரை லேசாக எழும்பும்.

இரவில் மூச்சுக்காற்றின் ஈரம் துணியிலும் அலுமினியத்திலும் நீராகப் படியும். எதிரெதிராக இரண்டு காற்றுத்துளைகளைக் குளிரிலும் திறந்தே வைக்கிறேன். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலைப்பின்னல் விரிப்பு போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். உள்ளே அடுப்பு எரிப்பவர்கள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயம் மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 12.8 வோல்ட் கணக்கில் 1,280 வாட்-மணி. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி அளவில் எடுக்கிறது. விளக்கு, போன், விசிறி எல்லாம் அதற்குப் பின்தான். வெயில் வராவிட்டாலும் இரண்டு நாள் ஓடும். வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவி) நேரடியாக இதற்குச் சார்ஜ் கொடுக்கக் கூடாது. இடையே, மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 ஆம்பியர் சார்ஜர் வைத்தேன். வயர் தடிமன்தான் இங்கே விஷயம். எஞ்சினிலிருந்து கேம்பருக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்பு வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.33 வோல்ட். தடித்ததையே போட்டேன். வண்டியின் பேட்டரி, கேம்பரின் பேட்டரி இரண்டுக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃப்யூஸ். இரும்புச் சட்டத்தில் உரசி வயர் உரிந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். இந்த வகைப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அதனால் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று பார்த்து வாங்கினேன்.

தூசு விஷயத்தில் எனக்கு ரொம்பத் திருப்தி. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் சிறு இடுக்கு கூட மண்பாதையின் தூசை உள்ளே உறிஞ்சும். இடுக்குகளைத் தேட இரவில் உள்ளே பிரகாசமான விளக்கை எரியவிட்டு, கதவை மூடி, வெளியே சுற்றிவந்தேன். எங்கெல்லாம் கீற்று தெரிந்ததோ அங்கெல்லாம் ரப்பர் பட்டை. கூரையின் முன்பக்கம் பார்த்தபடி ஃபில்டர் வைத்த காற்றுவாய் ஒன்றும் போட்டேன். ஓடும்போது அது உள்ளே காற்றைத் திணிப்பதால் இடுக்குகள் வழியே காற்று வெளியே போகிறதே தவிர, தூசு உள்ளே வருவதில்லை.

சோதனை ஓட்டத்துக்கு வரிவரியாக அலை விழுந்த மண்பாதையைத் தேர்ந்தெடுத்தோம். கிளம்பும் முன் எல்லா நட்டுகளிலும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். கோடு பிசகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். ரோட்டில் 40 பி.எஸ்.ஐ. வைத்திருந்த பின் டயர்களை மண்ணில் 28-க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்துக்கொண்டேன். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கூட்டைத் தாங்கும் நான்கு போல்ட்களிலும் கோடு நேராக இருந்தது. பக்கவாட்டுக் கூடாரத் துணியின் தாங்கி ஒன்றில் மட்டும் லேசாக நகர்ந்திருந்தது. அதற்கு நைலான் பூட்டு நட்டு மாற்றியாயிற்று.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. 60 லிட்டர், முன்சுவரை ஒட்டித் தரையில், உள்ளே தடுப்புத் தகடுகளோடு. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதினால் வளைவுகளில் வண்டியை இழுக்கும். அதற்குப் பிறகு பெட்டிகள். மெல்லிய ப்ளைவுட்டா, அலுமினியச் சட்டத்தில் துணிப்பையா என்று இன்னும் முடிவாகவில்லை. துணிப்பை பக்கம்தான் மனம் சாய்கிறது, பாதி எடைகூட வராது. எல்லாம் ஏறியதும் மறுபடி எடை மேடைக்குப் போய் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் தனித்தனியே எடை போடுவேன்.