நசுங்கிய லிப்போ பேட்டரியை வைத்துக்கொண்டு பட்ட பாடு

ரிமோட்டில் பறக்கவிடும் என் மாடல் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. தெர்மாகோல் உடம்பு பிழைத்துக்கொண்டது. அடியை எல்லாம் வாங்கியது முன்னால் இருந்த பேட்டரிதான். 3எஸ் (அதாவது வரிசையாக இணைத்த மூன்று செல்), 2200 எம்ஏஎச் லிப்போ, லித்தியம் பாலிமர் வகை. ஒரு மூலை உள்ளே நசுங்கி, உறையில் மடிப்பு விழுந்திருந்தது. ஓட்டையோ கசிவோ வீக்கமோ இல்லை, உள்ளே இருக்கும் திரவம் கசிந்தால் வரும் அந்தத் தித்திப்பான வாடையும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் யோசிக்கவே வேண்டியதில்லை, அகற்றிவிடலாம். எதுவும் இல்லாததுதான் தலைவலி.

முதலில் கழற்றி வெட்டவெளியில் சிமெண்ட் தரையில் வைத்தேன். அடிபட்ட செல் மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டும் திடீரென்று புகையும். வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ எடுத்துப் போகாதீர்கள்.

விற்றவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். "வீங்கலல்ல? சார்ஜ் போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது." செல் வோல்டேஜ் என்ன என்றுகூடக் கேட்கவில்லை மனிதர். கூடப் பறக்கவிடும் நண்பரோ உப்புத் தண்ணீரில் போடச் சொன்னார். இந்த வைத்தியத்தை இன்னும் எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்களோ! உப்புநீர் வெளி முனைகளை அரித்துவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜை இறக்க வழியே இல்லாமல் போய்விடும்.

மல்டிமீட்டரில் மொத்தம் 11.5 வோல்ட். பார்த்தால் நல்ல பேட்டரி! ஒவ்வொரு செல்லுக்கும் இணைப்பு தரும் பேலன்ஸ் ஒயரில் தனித்தனியாக அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: 3.86, 3.86, 3.78. இறங்கியிருந்தது அடிபட்ட பக்கத்துச் செல். சார்ஜரில் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (செல்லின் உள் மின்தடை) மட்டும் பார்த்தேன், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பேலன்ஸ் சார்ஜ் போட்டால் வோல்டேஜும் சமமாகிவிடும் என்று கை துறுதுறுத்தது. செய்திருந்தால் கோளாறு மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

எதையும் இணைக்காமல் வெளியிலேயே வைத்துத் தினமும் அளந்தேன். மற்ற இரண்டும் அசையவில்லை. அது மட்டும் 3.7க்கு வந்து, அப்புறம் 3.6க்கும் கீழே போனது. சும்மா கிடக்கும்போதே ஒரு செல் இப்படி இறங்கினால், உள்ளே இரு மின்முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் எங்கோ கெட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதில் போய் 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றுவது நெருப்புக்குப் பாய் விரிப்பதுதான். இறங்காமல் நின்றிருந்தாலும், இவ்வளவு ஆழமான மடிப்பு விழுந்ததை நான் பறக்கவிட்டிருக்க மாட்டேன்.

அகற்றுவது இன்னொரு கூத்து. சேகரிப்பு மையத்தில், "லித்தியம் எடுப்போம், ஆனா டேமேஜ் ஆனது எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல பேட்டரியை யாராவது அங்கே கொண்டுபோவார்களா? வேறொரு மையத்துக்கு முதலிலேயே போன் செய்து, அடிபட்டது என்று தெளிவாகச் சொன்னேன். சார்ஜை முழுக்க இறக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். 12 வோல்ட் 21 வாட் கார் பல்பை மாட்டி, வெளியில் தள்ளி நின்று பார்த்தபடியே இறக்கினேன். (வீங்கியதையோ சூடாகிறதையோ இப்படிச் செய்யாதீர்கள், மையத்திடமே கேளுங்கள்.) இரண்டு முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி, மணல் போட்ட டப்பாவில் வைத்து, மேலே கடைசி வோல்டேஜை எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்!