உதட்டில் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான்

கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘அப்பா’. உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மாமா, பாப்பா, பணம், மணம், மாடு, பாடு எல்லாம் இதே கதைதான். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, “உதட்டைப் பார், உதட்டைப் பார்” என்று பதினைந்து வருஷம் படுத்தி எடுத்திருக்கிறோம். எந்த உதட்டை, எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சைகையில் இந்தக் குழப்பமே கிடையாது. மூக்குத்தி போடும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தால் பெண், மீசையை முறுக்கினால் ஆண். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதுவே ஆகிவிட்டது. அப்பா மீசையே வைத்ததில்லை, அது வேறு விஷயம்.

அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. இரண்டு பேரிடமும் ஒரே மரபணுக் குறை ஒளிந்திருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டர் படம் போட்டு விளக்கியது பல வருஷம் கழித்துத்தான். அதுவரை ஊரில் எல்லோரும் அம்மாவைத்தான் சொன்னார்கள், கிரகணத்தில் வெளியே வந்தாள், மாசமாக இருக்கும்போது எதையோ தின்றாள் என்று. அப்பாவை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், கையை ஆட்டப் பழக்கினால் பேச்சு வராது, வீட்டில் யாரும் சைகை செய்யாதீர்கள் என்று. இது அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாத பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச ஒரு மாநாடு கூடியது. கூடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். அவர்கள்தான் வகுப்பில் பேச்சுதான் வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். 130 வருஷம் கழித்து, 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்காக வருத்தம் தெரிவித்தது. அதற்குள் என் தம்பி ஸ்கேலால் புறங்கையில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கே இல்லை.

இருந்தாலும் கையை ஆட்டாமல் எந்த வீட்டில் இருக்க முடியும்? சாப்பிடு, குளி, படு, மாத்திரை, கதவைச் சாத்து, அடி விழும். இப்படி ஒரு முப்பது நாற்பது சைகை நாங்களாக உண்டாக்கி வைத்திருந்தோம். “அவன் சொல்றது எல்லாம் எங்களுக்குப் புரியும், நாங்க சொல்றது எல்லாம் அவனுக்குப் புரியும்” என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள் அம்மா. இப்போது எண்ணிப் பார்த்தால் அத்தனையும் ஏவல். ‘நேற்று’ கிடையாது. ‘ஒருவேளை’ கிடையாது. ‘ஏன்’ என்பதற்குக்கூட எங்களிடம் ஒரு சைகை இல்லை.

கல்யாண வீட்டில் சித்தப்பா ஏதோ சொல்வார், பந்தியே சிரிக்கும். தம்பி என் முழங்கையை இடித்து, என்ன என்பதுபோலப் புருவத்தைத் தூக்குவான். நான் உள்ளங்கையைக் காட்டி, இரு, அப்புறம் சொல்கிறேன் என்று அமர்த்துவேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சொன்னேனா என்றால், இல்லை. சொன்னாலும் என்ன சொல்லியிருப்பேன்? சித்தப்பா, ஜோக், சிரிப்பு. மூன்று சைகையோடு என் சரக்கு தீர்ந்திருக்கும்.

படித்த பள்ளிக்கூட விடுதியில் பெரிய பையன்களிடமிருந்து அவன் சைகையை முழு மொழியாகவே கற்றுக்கொண்டிருக்கிறான், எங்களுக்குத் தெரியாமல். இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான், உருளை சரியில்லை என்றால் பக்கத்துத் தகட்டில் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். 2020 ஊரடங்கில் அச்சகம் மூடி வீட்டோடு இருந்தபோதுதான் ஒருநாள் பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். சினேகிதர்களோடு வீடியோ கால். இரண்டு கையும் பறக்கிறது, முகம் நொடிக்கு ஒன்றாக மாறுகிறது, கதை சொல்கிறான், அந்தப் பக்கம் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவன் சாது. அதிகம் ஒட்டாத பிள்ளை. உருபு, விகுதி இல்லாமல் ‘அக்கா நான் கடை போ சாவி எங்கே’ என்று அவன் அனுப்பும் வாட்ஸப்பைப் பார்த்து கொஞ்சம் மந்தம் என்றும் உள்ளுக்குள் நினைத்திருந்தோம். ஒரு தடவைகூடக் காதால் கேட்காத பாஷையை அந்த அளவுக்கு எழுதுகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடு என்று கேட்டேன். நம்பவில்லை. யூடியூபில் டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பார்த்து (2018-ல் 3,000 சொல்லோடு வந்தது, 2021-ல் 10,000 ஆகிவிட்டது) ஒரு வாரம் தனியாகப் பழகிக்கொண்டு போய் நின்றேன். பாதிக்கு, “இது டெல்லி, எங்கள் பக்கம் இப்படி” என்று கையைத் திருத்தினான். ஆங்கில எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் இது பெரிய தொல்லை. வலது கையில் சாம்பார் சாதம், இடது கையால் மட்டும் எத்தனை சொல்ல முடியும்? சோறு விரலில் காய்ந்துபோகும், பேச்சு முடியாது.

கேள்விச் சொல் கடைசியில் வரும். ‘உன் பேர் என்ன’ என்கிற நமக்கு அது உறுத்தாது. ஆனால் ‘எங்கே’ என்று தனிச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். இடம் என்று காட்டிக் கேள்விக் கையைச் சேர்த்தால் எங்கே, முகத்தைக் காட்டிச் சேர்த்தால் யார். ஒரே கேள்விக் கையை வைத்துக்கொண்டு இத்தனை வேலை. நான் தமிழ் வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகக் கையில் இறக்கிக்கொண்டிருந்தேன், அதுவும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. ஆமா-இல்லை கேள்வி என்றால் கண் விரிய வேண்டும், தலை முன்னால் வர வேண்டும். அது இல்லாவிட்டால் கேட்கிறேனா சொல்கிறேனா என்றே புரியாதாம். “நியூஸ் வாசிக்கிறாய்” என்றான்.

ஆட்களுக்குச் சைகையில் தனிப் பெயர் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் அவன் எப்போதோ பேர் வைத்துவிட்டான். பெரியப்பா தொப்பையைத் தடவுவது. சித்தி செயினைச் சரிசெய்வது. என் பேர் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, உள்ளங்கையைக் காட்டி அமர்த்தினான். இரு, அப்புறம்.

மாற்றச் சொல்லிப் பார்த்தேன். சினேகிதர்கள் எல்லோருக்கும் பழகிவிட்டதாம்.

வீட்டில் என்னைவிட வேகமாகப் பழகியது அம்மா. அறுபது வயது, பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, கையும் முகமும் அப்படி வளைகிறது. அப்பாவிடம் மொத்தம் பத்து சைகை, அதில் நாலு காப்பி சம்பந்தப்பட்டது. அம்மாவும் அவனும் இப்போது தினமும் சண்டை போடுகிறார்கள். முன்னெல்லாம் சண்டை கிடையாது, ஏவல் மட்டும் வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது? இப்போது கல்யாணச் சண்டை. அவன் தன்னைப் போலவே காது கேளாத பெண்ணைக் கட்ட நினைக்கிறான். அம்மாவுக்குப் பேசுகிற பெண் வேண்டும், “போன் வந்தா எடுக்கவாவது வீட்டுல ஒருத்தி வேண்டாமா, ராத்திரி பிள்ளை அழுதா யாருக்குத் தெரியும்?” நியாயமான பயம்தான், ஆனால் நான் தம்பி பக்கம்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது இது முற்றிவிட்டது. அவன் பதில் சொல்லப் பிடிக்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான், அவன் வரைக்கும் அதுதான் கதவைச் சாத்துவது. அம்மா தரையில் காலை உதைத்தாள். திறந்தான். அம்மா தன் பாட்டைப் பாடி முடித்துவிட்டு, அவன் கையைத் தூக்குவதற்குள் எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டாள். கும்மிருட்டு. ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்ல முடியாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு வெளிச்சம். போனை டார்ச்சோடு தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினான்.

நான் இன்னும் முடிக்கவில்லை.